பன்னிரண்டு ஆட்டத்தில் என்ன தெரியும்? செஸ் எஞ்சின் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

யாங்கோனில் நம் மாணவர்களுக்கான செஸ் எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) போட்டியை நடத்திய குழுவினருக்கு,

போட்டி முடிந்த மறுநாளே முடிவை எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டீர்கள். ஏழுக்கு ஐந்து. வென்ற அணியின் எஞ்சின்தான் பலமானது, நன்கொடையாக வந்த கணினி ஓராண்டுக்கு அந்த அணியிடம் இருக்கும், மறுபரிசீலனை கிடையாது. மூன்றே வரி. தோற்ற அணியின் மூன்று பிள்ளைகளுக்கும் மாலை நேரத்தில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பவன் நான். அவர்களுடைய பெற்றோர் வந்து கேட்டபோது, மோதியது இரண்டு இயந்திரங்கள், இயந்திரத்துக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது, இதில் பாரபட்சம் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டு அனுப்பிவிட்டீர்கள்.

எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இயந்திரத்துக்குப் பாரபட்சம் தெரியாது, உண்மைதான். ஆனால் எந்த இயந்திரம் எந்தப் பிளக்கில் செருகப்படும், எந்த நிலையிலிருந்து ஆட்டம் தொடங்கும், எப்போது நிறுத்தப்படும், நிறுத்தினால் யார் தீர்ப்புச் சொல்வது என்பதையெல்லாம் இயந்திரம் முடிவுசெய்யவில்லை. நீங்கள் முடிவுசெய்தீர்கள். அதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. எதிர் அணிப் பிள்ளைகள் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களும் ராத்திரி பகலாக உழைத்தவர்கள்தான். என் வழக்கு போட்டியை அமைத்த விதத்தோடு மட்டும்.

முதலில் போட்டியின் முதல் ஆறு ஆட்டங்களைப் பாருங்கள். இரட்டைப்படை ஆட்டங்களில் எதிர் அணிக்கு வெள்ளை. 2, 4, 6 மூன்றிலும் நாங்கள் தோற்றோம். நகர்த்தல்களைக் குறித்த தாள் உங்களிடமே இருக்கிறது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். 31-ஆவது நகர்த்தல் வரை மூன்றும் அச்சு அசலாக ஒரே ஆட்டம். அப்போது எங்கள் பக்கம் ஒரு குதிரை போய்விட்டிருந்தது, அதற்கு மேல் நடந்ததைப் பேசவேண்டியதே இல்லை.

இது எப்படி நடக்கும் என்றால், மிகச் சாதாரணமாக நடக்கும். எதிர் அணியின் எஞ்சினிடம் ஓப்பனிங் புக் இருந்தது. ஆட்டத் தொடக்கத்துக்கான நகர்த்தல்களை முன்கூட்டியே எழுதிவைத்த கோப்பு அது. அதில் 'எப்போதும் சிறந்த வரியையே எடு' என்ற அமைப்பு போடப்பட்டிருந்தது. எங்கள் எஞ்சினிடம் புக் இல்லை. ஒரே ஒரு கோரில், அதாவது கணினிச் செயலியின் ஒரு பகுதியில் மட்டும், ஓடும் எளிய எஞ்சின் இது. ஒரே நிலையைக் காட்டி ஏறக்குறைய ஒரே நேரம் கொடுத்தால் ஒரே பதிலைத்தான் சொல்லும். முதல் தோல்வியிலிருந்து பாடம் கற்கிற வசதி அதற்குக் கிடையாது. மனிதனாக இருந்தால் நான்காவது ஆட்டத்தில் வேறு மாதிரி ஆடியிருப்பான். ஆக, ஒரே ஆட்டத்தை மூன்று முறை ஆடவைத்து, ஒரே தோல்விக்கு மூன்று புள்ளி கொடுத்திருக்கிறீர்கள்.

இதைத் தவிர்க்கும் வழி உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிசிஇசி என்ற எஞ்சின் போட்டித் தொடரில், நடத்துகிறவர்களே தொடக்க நிலைகளைத் தேர்ந்துகொடுப்பார்கள். ஒவ்வொரு நிலையையும் இரண்டு எஞ்சின்களும் இரண்டு முறை ஆடும், முதல் முறை வெள்ளையில், அடுத்து கறுப்பில். நிலை ஒரு பக்கம் சாய்வாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் அந்தச் சாய்வு ஒன்றுதான். நீங்கள் சிலர் சிட்டுயின் ஆடுகிறவர்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் பர்மா ஆட்டத்தில் சிப்பாய்களைத் தவிர மற்றக் காய்களை அவரவர் இஷ்டப்படி அடுக்கிக்கொள்ளலாம். ஒருவர் அடுக்குவதை மற்றவர் பார்த்துச் சாதகம் தேடிவிடக்கூடாது என்று போட்டிகளில் பலகைக்கு நடுவே சிறு திரை கட்டும் வழக்கம்கூட உண்டு. தொடக்கம் நியாயமாக இருக்கவேண்டும் என்று அங்கே இவ்வளவு அக்கறை காட்டுகிற நீங்கள், இங்கே ஒரு பக்கத்துக்கு மட்டும் புக் இருப்பதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் ஏழாவது ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது.

முறை வைத்து மின்சாரம் வரும் ஊரில் இதை எதிர்பார்க்காமல் போட்டி வைத்ததே முதல் தவறு, போகட்டும். இன்வெர்ட்டரில் ஒரு பிளக்தான் காலியாக இருந்தது. எங்கள் மடிக்கணினியில் பேட்டரி நிறைய இருக்கிறது என்று அதை அப்படியே விட்டு, எதிர் அணியின் கணினியை இன்வெர்ட்டரில் செருகினீர்கள். கேட்க நியாயமான ஏற்பாடு மாதிரிதான் இருக்கும். ஆனால் மடிக்கணினி பேட்டரிக்கு மாறியதும் சக்தியை மிச்சம்பிடிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மாடல் என்பதால் ஒப்பிடுவது எளிது. வினாடிக்கு எத்தனை நிலைகளை எஞ்சின் பார்க்கிறது என்ற எண் திரையின் கீழ்வரியில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியதை நான் பார்த்தேன், உடனே வந்து சொன்னேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்றீர்கள். ஆட்டக்காரரின் பலத்தை அளக்கும் எலோ கணக்கில், வேகம் இரட்டித்தால் 50 முதல் 70 புள்ளி வரை பலம் கூடும் என்பது எஞ்சின் உலகத்தில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு. பாதியானால் அதே அளவு இறங்கும். இரண்டாம் பாதி முழுக்க எங்கள் பிள்ளைகளின் எஞ்சின் அந்தச் சுமையோடுதான் ஆடியது.

பேட்டரி இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம் என்று சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் வேகம் குறைந்ததாலேயே 8-இலும் 10-இலும் எஞ்சின் வேறு நகர்த்தலைத் தேர்ந்து, அந்தப் பழைய குழியில் விழாமல் டிரா செய்தது. வேடிக்கைதான். ஆனால் எது எதனால் நடந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாத நிலைக்குப் போட்டி போய்விட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஆறாத ஆட்டம் அதுதான். இன்வெர்ட்டரும் தீரப்போகிறது, மண்டபத்தையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினீர்கள். பலகையில் மிச்சம் நான்கே காய். வெள்ளைக்கு ராஜா, h வரிசையில் ஒரு சிப்பாய், வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப். கறுப்புக்கு வெறும் ராஜா, அதுவும் h8 மூலையில். செஸ் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இது டிரா. சிப்பாய் ராணியாகவேண்டிய h8 கறுப்புக் கட்டம். அந்த பிஷப் ஆயுசுக்கும் அதைத் தொட முடியாது. கறுப்பு ராஜா மூலையில் உட்கார்ந்து h8, g8 என்று போய்வந்துகொண்டிருந்தால் போதும், நெருக்கினால் ஸ்டேல்மேட், அதாவது நகர வழியில்லாமல் டிரா.

எதிர் அணியின் திரையில் அப்போது வெள்ளைக்கு மூன்றுக்கு மேல் சாதகம் என்று காட்டியது. பிஷப்புக்கு இத்தனை, சிப்பாய்க்கு இத்தனை என்று கூட்டிப் போட்ட கணக்கு, இந்த விதிவிலக்கு அதற்குச் சொல்லித்தரப்படவில்லை. எங்கள் திரையில் 0.00, அதாவது சமநிலை, என்று இருந்தது. அணியில் உள்ள மாணவி, 'தப்பான பிஷப், மூலைச் சிப்பாய்' என்ற இந்த ஒரு நிலைக்கென்றே தனியாக ஏழெட்டு வரி நிரல் எழுதிச் சேர்த்திருந்தாள். எழுதிய அன்று எத்தனை சந்தோஷப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவள் எழுந்து வந்து தன் திரையைக் காட்டி, இது டிரா ஐயா என்றாள். நீங்கள் இரண்டு திரையையும் பார்த்தீர்கள். பெரிய எண் காட்டிய திரையை நம்பி எதிர் அணிக்கு வெற்றி கொடுத்தீர்கள். இயந்திரம் பொய் சொல்லாது என்று அவளிடம் சொல்லப்பட்டது. அவளுடையதும் இயந்திரம்தானே?

இதற்கு விவாதமே தேவையில்லை. ஐந்து காய் வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் சரியான முடிவைக் கணக்கிட்டு வைத்த சிசிஜி டேபிள்பேஸ் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மொத்தம் சுமார் 1 ஜிபி. ஆறு காய் என்றால் 150 ஜிபி அளவுக்குப் போகும், நம் இணைய வேகத்துக்கு அது நடக்காத காரியம். ஆனால் 1 ஜிபி ஒரு பென் டிரைவில் ஒரு மூலைக்குக் காணாது. அது உங்கள் மேசையில் இருந்திருந்தால் ஒரு வினாடியில் பதில் வந்திருக்கும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். எதிர் அணி 4 வெற்றி, நாங்கள் 2, டிரா 6. அதனால் 7–5. அந்த நான்கு வெற்றிகளில் ஒன்று டிரா ஆன நிலை. அதைச் சரிசெய்தால் 6.5–5.5. மீதி மூன்றும் ஒரே ஆட்டம். நகல் இரண்டையும் எடுத்துவிட்டால் பத்து ஆட்டத்தில் 5.5–4.5, இந்த முறை முன்னால் நிற்பது நாங்கள். உடனே எங்களுக்குக் கணினியைத் தாருங்கள் என்று கேட்பேன் என நினைக்காதீர்கள். பத்து ஆட்டத்தில் ஒரு புள்ளி முன்னே நிற்பதற்கு அர்த்தமே கிடையாது. பன்னிரண்டில் இரண்டு புள்ளி முன்னே நிற்பதற்கும் கிடையாது என்பதுதான் நான் சொல்லவருவது.

பள்ளிக்கூடப் புள்ளியியல் போதும் இதற்கு. 12 ஆட்டத்தில் 7 புள்ளி என்றால் 58 சதவீதம், எலோ கணக்கில் சுமார் 58 புள்ளி அதிகம். ஆனால் இத்தனை சிறிய எண்ணிக்கையில் பிழை வரம்பு பெரியது. உங்கள் 7–5-ஐ அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டாலும், எதிர் அணியின் எஞ்சின் எங்களுடையதைவிட 80 புள்ளி பலவீனமாக இருக்கலாம், 200 புள்ளிக்கு மேல் பலமாகவும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது இவ்வளவுதான். இதை வைத்து 'பலமானது' என்று பலகையில் எழுத முடியாது. ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை உருவாக்குகிறவர்கள் 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பில், உலகமெங்கும் தன்னார்வலர்கள் தரும் கணினிகளில், ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் சோதிக்கிறார்கள். ஒரு மாற்றத்துக்குப் பல்லாயிரம் ஆட்டம் ஓடுவது அங்கே அன்றாடம். அப்படி ஓட்டிய பிறகுதான் 'முன்னைவிட நன்று' என்ற வார்த்தையே வெளியே வருகிறது.

பெரிய இடங்களிலும் இந்தப் புகார் எழுந்திருக்கிறது. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம், தான் உருவாக்கிய ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டங்களில் சந்தித்து 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை என்று அறிவித்தது. உலகமே வியந்தது. ஆனால் எஞ்சின் எழுதுகிறவர்கள் அமைப்பைக் கவனித்தார்கள். ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு ஒரே சமயத்தில் கணக்குப் போட 64 திரெட் கொடுத்துவிட்டு, பார்த்த நிலைகளைச் சேமித்துவைக்கும் ஹாஷ் நினைவகம் வெறும் 1 ஜிபி. நகர்த்தலுக்குச் சரியாக ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டதால், கடினமான இடத்தில் கூடுதல் நேரம் எடுக்கும் அதன் திறமை வீணானது. ஆல்ஃபாஸீரோ ஓடியதோ முற்றிலும் வேறு வகை வன்பொருளில். இந்த ஆட்சேபங்களை ஸ்டாக்ஃபிஷ்ஷின் மூல ஆசிரியர்களில் ஒருவரான டோர்ட் ரோம்ஸ்டாட் உட்படப் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். முடிந்தது முடிந்ததுதான் என்று டீப்மைண்ட் கதவைச் சாத்தவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கட்டுரைக்காக 1000 ஆட்டம் ஆடினார்கள். ஒரு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம், நகர்த்தலுக்கு 15 வினாடி கூடுதல், ஹாஷ் 32 ஜிபி, டேபிள்பேஸும் உண்டு. டிசிஇசியின் தொடக்க நிலைகளிலிருந்தும் ஆடிப் பார்த்தார்கள். ஆல்ஃபாஸீரோ 155 வென்றது, 6 தோற்றது, மீதி டிரா. மறுபடி ஆடியதால் அதன் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. உங்கள் வெற்றி அணிக்கும் இது பொருந்தும். அவர்கள் எஞ்சின் உண்மையிலேயே பலமானது என்றால் மறுபோட்டியில் அது தெரிந்துவிடும். அதற்கப்புறம் நானும் வாய் திறக்கமாட்டேன்.

எஞ்சின் போட்ட கணக்கு பதிவாகியிருக்கும் லாக் கோப்புகளைக் காட்டச் சொன்னால் நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்கிறீர்கள். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம்மின் செஸ் கணினியான டீப் ப்ளூவிடம் 3.5–2.5 என்று தோற்ற உலக சாம்பியன் காஸ்பரோவ் கேட்டதும் அந்த லாக்குகளைத்தான். அப்போது கொடுக்காத ஐபிஎம், பிற்பாடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அன்றே கொடுத்திருந்தால் இத்தனை ஆண்டு வம்பு மிச்சமாகியிருக்கும்.

நம் ஊரில் கரண்ட் இல்லை, இணையம் இல்லை, ஆயிரக்கணக்கில் ஆட்டம் ஓட்ட எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கில் வேண்டாம், 400 ஆட்டம் போதும். ஒரு பக்கத்துக்கு 10 வினாடி, நகர்த்தலுக்கு 0.1 வினாடி கூடுதல் என்று வைத்தால் ஓர் ஆட்டம் அரை நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். ஃபிஷ்டெஸ்ட்டிலேயே முதல் கட்டச் சோதனைக்கு இந்த நேரம்தான். நான்கு கோர் உள்ள கணினியில் ஒரே சமயத்தில் இரண்டு ஆட்டம் ஓட்டலாம். 400 ஆட்டமும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும், ஒரு முறை கரண்ட் வந்து போவதற்குள் வேலை முடிந்துவிடும். கியூட்செஸ் என்ற இலவச மென்பொருள் இரண்டு எஞ்சினையும் தானே மோதவிட்டு, நிறம் மாற்றி, கணக்கும் வைத்துக்கொள்ளும். ஒருவர் நகர்த்தலைப் படிக்க இன்னொருவர் தட்டும் வேலையே இருக்காது. பிழை வரம்பும் சுமார் 25 புள்ளிக்குள் வந்துவிடும். அதற்குள்ளும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இரண்டும் சமபலம் என்று அறிவித்துவிடலாம், அதில் யாருக்கு என்ன கேவலம்?

ஆகவே நான் கேட்பது இவை. பலகையில் உள்ள அறிவிப்பை இந்த வாரமே எடுத்துவிட்டு, முடிவு நிறுத்திவைக்கப்பட்டது என்று அதே இடத்தில் எழுதுங்கள். கணினியை யாரிடமும் ஒப்படைக்காமல் மறுபோட்டி முடியும்வரை உங்கள் பொறுப்பிலேயே வைத்திருங்கள். பன்னிரண்டு ஆட்டத்தின் நகர்த்தல் தாள்களையும் இரண்டு மடிக்கணினியிலும் உள்ள லாக் கோப்புகளையும் நகலெடுத்து இரண்டு அணிக்கும் கொடுங்கள்.

மறுபோட்டி ஒரே கணினியில், மின் இணைப்பில் மட்டும் நடக்கட்டும், கரண்ட் போனால் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்தி மின்சாரம் வந்த பிறகு தொடரட்டும். எஞ்சினுக்கு ஒரு கோர், ஒரே அளவு ஹாஷ். எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் வசதி இருவருக்கும் அணைக்கப்படவேண்டும், ஒரே கணினியில் அது மற்றவருடைய வேகத்தைத் திருடும். சொந்த ஓப்பனிங் புக் இருவருக்கும் வேண்டாம். 200 தொடக்க நிலைகளை எந்த அணியையும் சேராத ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், ஒவ்வொன்றும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடப்படட்டும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தவே கூடாது. ஐந்து காய்க்குக் குறைந்தால் டேபிள்பேஸ் சொல்வதே தீர்ப்பு. அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது, பென் டிரைவில் கொண்டுவந்து தருகிறேன், எதிர் அணியினர் சரிபார்த்துக்கொள்ளட்டும். இந்த விதிகளைப் போட்டிக்கு முன்பே தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி இரண்டு அணியிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு மறுபோட்டிவரை காத்திருக்கத் தேவையில்லை. பன்னிரண்டாவது ஆட்டம் டிரா என்று அந்த மாணவிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தோற்றதாக அறிவிக்கப்பட்ட அணியின் ஆசிரியர்